பத்து நொடி பொறுங்கள்: அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளின் உரையாடல் திறன்

எங்கள் தெரு முனையில் ஓர் அண்ணாச்சி கடை இருக்கிறது. என் அக்கா மகனுக்கு ஒன்பது வயது. டவுன் சிண்ட்ரோம் உள்ள பையன். கூடுதலாக ஒரு குரோமோசோம் இருப்பதால் பிறவியிலேயே வரும் நிலை அது, அறிவுசார் குறைபாட்டுக்கு ஒரு காரணம். அவனைக் கூட்டிக்கொண்டு அந்தக் கடைக்குப் போனால் அண்ணாச்சி தவறாமல் கேட்பார், "தம்பிக்கு என்ன வேணும்?" அவன் கண் கடலை மிட்டாய் டப்பாவுக்குப் போகும். உதட்டைக் கூட்டித் தயாராவான். அதற்குள் நான் முந்திக்கொண்டு, "கடலை மிட்டாய் ரெண்டு குடுங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிடுவேன். பல மாதம் இப்படியே போனது.

ஒருநாள் சரியாக அந்த நேரத்தில் எனக்கு போன் வந்தது. எடுத்துப் பேசிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல ஆளில்லை. அவரும் அவசரப்படவில்லை. பருப்புப் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டே அவன் முகத்தைப் பார்த்தபடி நின்றார். ஏழெட்டு நொடி ஆகியிருக்கும். "முத்தாய்... எண்டு" என்றான். "ரெண்டா? சரி" என்று எடுத்துக் கொடுத்தார் அண்ணாச்சி. அதோடு முடியவில்லை. ஒரு மிட்டாயைத் தூக்கிக் காட்டி, "பாத்திக்கு" என்றான்.

பாட்டிக்கு! அவனுக்குப் பதிலாக நான் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். இரண்டில் ஒன்று பாட்டிக்கு என்று எனக்குத் தெரியவே தெரியாது.

அன்றிலிருந்துதான் பேச்சு வேறு, உரையாடல் வேறு என்பது எனக்கு உறைத்தது. இதே வயதில், இதே நிலையில் ஒரு குழந்தை உங்கள் வீட்டிலோ வகுப்பிலோ பக்கத்து வீட்டிலோ இருக்கலாம். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக, நான் கற்றுக்கொண்டதை அடிப்படையிலிருந்து சொல்கிறேன்.

முதலில் பெயர். முன்பு மனவளர்ச்சி குன்றிய குழந்தைகள் என்று எழுதுவார்கள். இப்போது அறிவுசார் குறைபாடு என்கிறோம். இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. இது அதில் ஒன்று. இரண்டு விஷயங்கள் சேர்ந்திருந்தால்தான் இந்தப் பெயர். ஒன்று, கற்பது, யோசிப்பது, சிக்கலைத் தீர்ப்பது போன்ற திறன்கள் வயதுக்குக் குறைவாக இருப்பது. இன்னொன்று, குளிப்பது, காசு எண்ணுவது, பிறரோடு பழகுவது என்று அன்றாட வாழ்க்கைக்கு வேண்டிய திறன்களும் பின்தங்கியிருப்பது. இரண்டும் வளரும் வயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும். இது மனநோய் அல்ல. இந்தக் குழப்பம் படித்தவர்களிடமும் இருக்கிறது. உலக அளவில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு இந்தக் குறைபாடு உண்டு. அவர்களில் பெரும்பாலானோருக்கு லேசான அளவில்தான் இருக்கும்.

சரி, உரையாடல் என்றால் என்ன? சொற்களைச் சேர்த்து வாக்கியம் அமைப்பது அதில் ஒரு பங்குதான். தொடங்கத் தெரிய வேண்டும். மற்றவர் பேசும்போது காது கொடுக்க வேண்டும். தன் முறை எப்போது என்று அறிய வேண்டும். எடுத்த விஷயத்திலேயே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். புரியாவிட்டால் கேட்க வேண்டும், தான் சொன்னது மற்றவருக்குப் புரியாவிட்டால் வேறு மாதிரி சொல்லிப் பார்க்க வேண்டும். கடைசியில் முடிக்கவும் தெரிய வேண்டும். ஐம்பது சொற்கள் மட்டுமே தெரிந்த குழந்தையும் நல்ல உரையாடல்காரராக இருக்கலாம். ஐந்நூறு சொற்கள் தெரிந்த குழந்தைக்கு ஒரு முறைகூட மாற்றி மாற்றிப் பேச வராமல் போகலாம்.

இதன் வேர் பேச்சு வருவதற்கு முன்பே இருக்கிறது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டுகிறோமே, அதைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். அம்மாவின் விரலைக் குழந்தை பார்க்கும். விரல் போகும் திசையில் நிலாவைப் பார்க்கும். பிறகு திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்க்கும், 'நீயும் பார்த்தாயா' என்பது போல. இரண்டு பேர் ஒரே பொருளில் சேர்ந்து கவனம் வைப்பது இது. வழக்கமாக ஒரு வயதை ஒட்டி இது நன்றாகப் படிந்துவிடும். அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைக்கு இது தாமதமாக வரலாம். வந்த பிறகும் நாம் காட்டுகிற பொருளுக்கு அதன் கண் மெதுவாகத்தான் நகரும். அதனால் எளிய வழி, குழந்தை எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றி நாம் பேசுவது. அது மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது படப் புத்தகத்தை நீட்டுவதைவிட, "ஃபேன்! சுத்துது, சுத்துது" என்பது பலன் தரும்.

கேட்பவரின் பங்குக்குத் தமிழில் ஓர் அழகான பெயர் உண்டு. உம் கொட்டுவது. பாட்டி கதை சொல்லும்போது நாம் 'உம்' போடாவிட்டால் கதையை நிறுத்திவிடுவார். அந்த ஒரு சொல்லுக்குள் 'கேட்கிறேன், புரிகிறது, மேலே சொல்' என்ற மூன்றும் அடங்கியிருக்கின்றன. சொற்கள் அதிகம் வராத குழந்தைக்குக்கூட இது எட்டக்கூடிய திறன். எங்கள் வீட்டில் இரவில் கதை சொல்லும்போது ஒவ்வொரு வரிக்கும் நிறுத்திவிட்டு அவன் முகத்தைப் பார்ப்பேன். 'ம்' வந்தால்தான் அடுத்த வரி. தொடக்கத்தில் தலையை மட்டும் ஆட்டினான். தலையாட்டலையும் 'உம்' என்றே கணக்கில் எடுத்துக்கொண்டேன். இரண்டு மாதம் கழித்து அவனே ராகம் போட்டு 'உம்ம்' கொட்ட ஆரம்பித்தான்.

இப்போது முறை மாறிப் பேசுவதற்கு வருகிறேன். எனக்கு இதுதான் இந்த விஷயத்தின் மையம். 2009-இல் பத்து மொழிகளை ஒப்பிட்டு ஓர் ஆய்வு வந்தது. ஒருவர் கேள்வி கேட்டு முடித்ததற்கும் மற்றவர் பதில் தொடங்குவதற்கும் நடுவே சராசரியாக எவ்வளவு இடைவெளி என்று அளந்தார்கள். ஏறக்குறைய 200 மில்லி நொடி. ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு! அந்த வேகத்துக்குப் பழகிய நமக்கு இரண்டு நொடி மௌனமே பெரிய சங்கடமாகத் தெரியும். மூன்றாம் நொடியில் கேள்வியைத் திரும்பக் கேட்போம், நான்காம் நொடியில் நாமே பதிலையும் சொல்லிவிடுவோம்.

குழந்தையின் பக்கத்திலிருந்து பாருங்கள். கேள்வியைக் கேட்க வேண்டும், அதை நினைவில் பிடித்துக்கொள்ள வேண்டும், பொருள் புரிய வேண்டும், பதில் யோசிக்க வேண்டும், சொல்லைத் தேட வேண்டும், நாக்கையும் உதட்டையும் அதற்கேற்ப அசைக்க வேண்டும். ஒவ்வொரு படியும் கூடுதல் நேரம் கேட்கும். நடுவில் நாம் கேள்வியைத் திரும்பக் கேட்டால், நான்காவது படியில் இருந்த குழந்தை மறுபடி முதல் படிக்கு வந்துவிடும். அதனால் கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அதன் கண் மட்டத்துக்குக் குனிந்து, ஆவலான முகத்தோடு, மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். முதல் சில நாள் இது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும். என் அக்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்திருக்கிறாள். உறவினர் வீட்டுக்குப் போகும்போது அவர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "அவன் சொல்வான் அத்தை, கொஞ்ச நேரம் குடுங்க."

குழந்தைக்கு ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது என்பதற்குச் சில காரணங்களை வீட்டில் இருப்பவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. முதலில் காது. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஏதோ ஓர் அளவில் கேட்கும் குறை வருகிறது. அவர்களுக்குக் காதுக் குழாய் குறுகலாக இருக்கும், நடுக்காதில் நீர் கோத்துக்கொள்ளும். சளி பிடித்த வாரத்தில் ஒழுங்காகக் கேட்காது, அடுத்த வாரம் கேட்கும். 'கூப்பிட்டால் திரும்புகிறானே, காது நல்லாத்தான் இருக்கு' என்று விட்டுவிடக் கூடாது. சிறு வயதில் ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது செவித்திறன் சோதனை செய்ய வேண்டும். பேச்சுப் பயிற்சிக்கு அலைவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இதுதான்.

அடுத்தது, காதால் கேட்டதை மனதில் பிடித்துவைக்கும் நினைவு. பல குழந்தைகளுக்கு இது குறுகியது. கண்ணால் பார்த்தது அதைவிட நன்றாக நிற்கும். இங்கே நம் தமிழில் ஒரு சிக்கல் இருக்கிறது. "நேத்து சாயங்காலம் மாமா வாங்கிட்டு வந்த அந்தச் சிவப்புப் பந்தை எங்கே வச்சே?" இந்த வாக்கியத்தில் கேள்விச் சொல் எங்கே வருகிறது? கடைசிக்கு முன்னால். வினை அதற்கும் பின்னால். அதுவரை வந்த நேற்றையும் சாயங்காலத்தையும் மாமாவையும் தலையில் சுமந்துகொண்டே வந்தால்தான் இது கேள்வி என்றே தெரியும். வந்து சேர்வதற்குள் பந்து தொலைந்துபோகும். "சிவப்புப் பந்து" என்று சொல்லி, கையால் பந்தின் வடிவம் காட்டி, ஒரு நொடி விட்டு, "எங்கே?" என்று கேளுங்கள். அதே கேள்விதான், இரண்டு கவளமாகிவிட்டது.

இன்னொன்று, புரிந்துகொள்ளும் அளவுக்குச் சொல்ல வராது. டவுன் சிண்ட்ரோமில் இது ரொம்பத் தெளிவாகத் தெரியும். உச்சரிப்பும் தெளிவில்லாததால் வெளியாட்கள் குழந்தைக்கு ஒன்றும் புரியவில்லை என்று முடிவு கட்டி, அதன் எதிரிலேயே அதைப் பற்றி ஏதேதோ பேசுவார்கள். குழந்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கும்.

எல்லாக் குழந்தைகளும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். வில்லியம்ஸ் சிண்ட்ரோம் என்று ஒன்று உண்டு, ஏழாம் குரோமோசோமில் ஒரு சிறு பகுதி இல்லாமல் போவதால் வருவது. அந்தக் குழந்தைகள் முன்பின் தெரியாதவரிடமும் ஓடிப்போய் மடமடவென்று பேசுவார்கள். நன்றாகப் பேசுகிறதே, என்ன குறை என்று தோன்றும். எதிரில் இருப்பவர் சொன்னதை ஒட்டிப் பேச்சு போகிறதா என்று பார்த்தால்தான் சிக்கல் தெரியும். ஃபிராஜைல் எக்ஸ் என்ற மரபணுக் குறைபாடு உள்ள குழந்தைகளில் பலர் கண்ணைப் பார்க்கக் கூச்சப்படுவார்கள், ஒரே சொற்றொடரைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். அவர்களைப் பிடித்து நிறுத்தி 'என் கண்ணைப் பார்த்துப் பேசு' என்று வற்புறுத்தினால் இருக்கிற பேச்சும் நின்றுவிடும். பக்கத்தில் உட்கார்ந்து ஒரே திசையில் பார்த்துக்கொண்டு பேசுவது அவர்களுக்குச் சுலபம்.

இனி நாம் செய்யும் ஒரு தவறு. இந்தக் குழந்தைகளிடம் பெரியவர்கள் பேசுவதில் முக்கால்வாசி பரீட்சைதான். "இது என்ன? இது என்ன கலர்? ரோஸி மிஸ் எங்கே? மாமாவுக்கு ஒண்ணு ரெண்டு சொல்லிக் காட்டு." கேட்பவருக்குப் பதில் தெரியும் என்று குழந்தைக்கும் தெரியும். வாழைப்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு 'இது என்ன?' என்று உங்களை யாராவது தினமும் கேட்டால் எத்தனை நாள் பதில் சொல்வீர்கள்? ஒரு சொல் பதிலோடு பேச்சு செத்துவிடும். கேள்விக்குப் பதிலாக, கண்ணில் படுவதைச் சொல்லிவிட்டு நிறுத்திப் பாருங்கள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, "ஐயோ, மழை வருது" என்று சொல்லிக் காத்திருங்கள். அது "துணி" என்று சொல்லலாம். "ஆமா, துணி நனையுது! வா, எடுப்போம்." குழந்தை ஒரு சொல் சொன்னால் அதோடு இன்னொன்றோ இரண்டோ சேர்த்துத் திருப்பிக் கொடுப்பது நல்ல வழி. திருத்த வேண்டாம், 'சரியாச் சொல்லு' என்று வேண்டாம். சரியான வடிவம் நம் பதிலுக்குள் இருந்தால் போதும்.

பேச்சு தடுக்கி விழும் இடங்களில்தான் கற்பதற்கு நிறைய இருக்கிறது. ஒருநாள் மாலை அவன் "பா" என்றான். பால் கொடுத்தேன், தள்ளிவிட்டான். பாட்டு போட்டேன், அதுவும் இல்லை. "பா! பா!" என்று குரல் உயர்ந்தது. அழுகை வரும்போல இருந்தது. வழக்கமாக இந்த இடத்தில் நாம் 'சரி சரி, ஓகே' என்று புரிந்த மாதிரி நடித்துத் திசை திருப்பிவிடுவோம். குழந்தைக்கு அது ஏமாற்றம் என்று உடனே தெரியும். நான் தரையில் உட்கார்ந்து, "எனக்குப் புரியலடா. காட்டு" என்றேன். கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனான். படிக்கட்டில் ஒரு பல்லி, வால் இல்லாத பல்லி. அதைக் காட்டத்தான் அத்தனை பாடு. 'புரியவில்லை, காட்டு' என்பது இப்போது எங்கள் இருவருக்கும் பழகிவிட்டது. நான் சொல்வது புரியாவிட்டால் அவனும் உள்ளங்கையை விரித்துக் காட்டுவான்.

அந்த உள்ளங்கை எனக்குப் பெரிய நிம்மதி. ஏனென்றால் இந்தக் குழந்தைகளில் பலர் புரியாவிட்டாலும் 'ஆமாம்' என்று சொல்லிவிடுவார்கள். ஆமாம் என்றால் பெரியவர்கள் சிரிக்கிறார்கள், கேள்வி நிற்கிறது. ஒருமுறை சோதித்துப் பாருங்கள். "நீ இன்னிக்கு யானையைச் சாப்பிட்டியா?" 'ஆமா' என்று வந்தால், அதற்கு முன் அது சொன்ன எத்தனையோ ஆமாம்களை நாம் நம்பியிருக்கிறோம் என்று பொருள். 'வயிறு வலிக்குதா?' என்று மருத்துவர் கேட்டதற்குச் சொன்ன ஆமாமும் அதில் சேரும். 'இல்லை', 'வேண்டாம்', 'புரியலை' இந்த மூன்றையும் கற்றுக்கொடுப்பது குழந்தையின் பாதுகாப்போடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. 'வேண்டாம்' என்றால் வீட்டில் அது மதிக்கப்படவும் வேண்டும். யாராவது தவறாக நடந்துகொண்டால் அதைச் சொல்லத் தெரிய வேண்டுமே. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம்கூட, குறைபாடுள்ள குழந்தையின் சாட்சியத்தைப் பதிவு செய்யும்போது சிறப்பாசிரியரின் உதவியைப் பெறலாம் என்கிறது. அப்படிப்பட்ட நேரத்திலும் ஆமாம், இல்லை என்று மட்டும் பதில் வரும் கேள்வி உதவாது. "அப்புறம் என்ன ஆச்சு?" என்று திறந்து கேட்பதும், படமோ பொம்மையோ கொடுத்துக் காட்டச் சொல்வதும் நல்லது.

ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கும் குழந்தைகளின் பெற்றோர் களைத்துப்போவதைப் பார்த்திருக்கிறேன். "பஸ் எப்போ வரும்?" ஒரு மணி நேரத்தில் முப்பது தடவை. சில சமயம் அது பதற்றம். நாளின் வரிசையைப் படங்களாகச் சுவரில் ஒட்டிவைத்தால் குறையும். பல சமயம் குழந்தைக்கு நம்மோடு பேச ஆசை, பேச்சைத் தொடங்க அதனிடம் இருக்கும் சாவி அது ஒன்றுதான். பிடுங்கிக்கொள்ளாமல் இன்னொரு சாவியைக் கொடுங்கள். "அம்மா, இங்க பாரு", "சாப்டாச்சா?" இவை இரண்டும் நம் ஊரில் எங்கும் செல்லுபடியாகும். யாரைப் பார்த்தாலும் "சாப்டாச்சா?" என்று கேட்கும் பையனிடம் எந்தத் தெருக்காரரும் நின்று நாலு வார்த்தை பேசாமல் போவதில்லை.

தலைப்பு கிடைப்பதும் ஒரு பிரச்சினை. "இன்னிக்கு ஸ்கூல்ல என்ன செஞ்சே?" என்பது எல்லாக் குழந்தைக்கும் கடினம். காலையில் நடந்ததை மாலையில் நினைவிலிருந்து தோண்டி எடுத்து வரிசைப்படுத்த வேண்டும். கையில் ஒரு தடயம் இருந்தால் கதையே மாறும். பஸ் டிக்கெட், பூங்காவில் பொறுக்கிய காய், பிறந்தநாள் மிட்டாயின் காகிதம், ஆசிரியர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு படம். ஒரு பழைய நோட்டில் இவற்றை ஒட்டிவைத்திருக்கிறோம். விருந்தாளி வந்தால் அவனே நோட்டை எடுத்து வந்து மடியில் வைப்பான். பேச்சைத் தொடங்குவது அவன், இரண்டு பேருக்கும் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரியும்.

சொற்கள் வராத குழந்தை என்ன செய்யும்? கை, கண், படம் எதில் பதில் வந்தாலும் அதுவும் ஒரு முறை பேசியதுதான். பட அட்டைகள் உண்டு. தொட்டால் குரல் வரும் செயலிகளும் உண்டு. சென்னையில் அஜித் நாராயணன் தொடங்கிய நிறுவனம் உருவாக்கிய ஆவாஸ் என்ற செயலி தமிழிலும் இயங்கும். படம் பழகினால் வாய்ப்பேச்சு வராமலே போய்விடுமோ என்ற பயம் எல்லாப் பெற்றோருக்கும் வரும், எங்களுக்கும் வந்தது. 2006-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பில், இப்படிப்பட்ட மாற்று வழிகளைப் பழகிய 27 பேரின் விவரங்களைப் பார்த்தார்கள். ஒருவருக்கும் பேச்சு குறையவில்லை. பெரும்பாலானோருக்குக் கூடியிருந்தது.

இன்னொரு பயம் மொழி. 'ஒரே மொழியில் பேசுங்கள், பள்ளியில் ஆங்கிலம் என்றால் வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள்' என்று எங்களுக்கும் ஒருவர் ஆலோசனை சொன்னார். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகள் இரண்டு மொழிகளில் வளர்ந்தால் பேச்சு இன்னும் தாமதமாகும் என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. அரைகுறை ஆங்கிலத்தில் ஒரு தாய் தன் பிள்ளையைக் கொஞ்ச முடியுமா, திட்டத்தான் முடியுமா? பாட்டியோடு அவன் எந்த மொழியில் பேசுவான்? வீட்டில் தமிழ் தாராளமாக ஓடுகிறதென்றால் தமிழிலேயே பேசுங்கள்.

உதவிக்கு எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு: தமிழ்நாட்டில் மாவட்ட அளவில் அரசு மருத்துவமனைகளோடு சேர்ந்து குழந்தைகளின் குறைபாட்டைச் சிறு வயதிலேயே கண்டறிந்து பயிற்சி தரும் ஆரம்ப கால இடையீட்டு மையங்கள் இயங்குகின்றன. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில், பல வகைக் குறைபாடுள்ளோருக்கான ஒன்றிய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. பேச்சுப் பயிற்சியாளரிடம் போகும்போது 'எத்தனை வார்த்தை பேசுவான்?' என்று மட்டும் கேட்காதீர்கள். போவதற்கு முன் வீட்டில் ஒரு வேலை செய்யுங்கள். நீங்களும் குழந்தையும் சாதாரணமாக விளையாடுவதை இரண்டு நிமிடம் போனில் வீடியோ எடுங்கள். யார் எத்தனை முறை பேசினார்கள் என்று எண்ணுங்கள். தலையாட்டல், கை நீட்டல், பார்வை எல்லாவற்றையும் குழந்தையின் கணக்கில் சேருங்கள்.

எங்கள் முதல் வீடியோவில் நான் கேட்ட கேள்விகள் பத்தொன்பது. அவன் முறை நான்கு. ஆறு மாதம் கழித்து எடுத்ததில் என் பக்கம் எட்டு, அவன் பக்கம் ஏழு. அந்த ஏழில் ஒன்று கேள்வி. கேட்டவன் அவன்: "சித்தி, சாப்தாச்சா?"